பத்தொன்பது டேப்பும் ஒரே பேரும்

"நாப்பது நிமிஷப் பீரியடுல லாகின் பண்ணவே முப்பத்தஞ்சு நிமிஷம் போனா, நான் எப்பங்க பாடம் நடத்தறது?"

கணக்கு டீச்சர் தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார். கைப்பையை வைப்பதற்கு முன்னால், முகம் கழுவுவதற்கு முன்னால், ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கும் முன்னால். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை விட்டு எழாமலே, "மணி நாலரை ஆயிடுச்சு" என்பார். அந்த வீட்டில் கடிகாரம் ஓடாமல் கிடந்தது ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை.

"லிஃப்ட் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சுன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா, டீச்சரம்மா? படியில போயிடுவாங்க. நீயும் படியில போ."

"படி எங்க இருக்கு? இருந்த படியைத்தான் இடிச்சுட்டு இந்த லிஃப்ட்டை வச்சிருக்காங்களே."

இருபத்தொன்பது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர் அவர். ஆளைப் பார்த்தால் டீச்சர் என்று தோன்றாது. மருந்துக்கடை வரிசையில் நமக்கு முன்னால் நின்று, சில்லறை சரியாக வைத்திருக்கும் அம்மா மாதிரி இருப்பார். பின்னத்தைக் காகிதம் மடித்துக் காட்டுவார். வகுப்பில் புரியாதவர்கள் கை தூக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கை தூக்கினால் பக்கத்துப் பிள்ளை சிரிக்கும். அதனால் புரியாதவர்கள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு காலை நடைவழிப் பக்கம் நீட்ட வேண்டும். டீச்சர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் சொல்வார். எத்தனை கால் வெளியே இருக்கிறது என்று பார்ப்பார். மூன்று காலுக்கு மேல் என்றால் பாடம் திரும்பவும் முதலிலிருந்து. யாருடைய கால் என்று நிமிர்ந்து பார்க்க மாட்டார். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் பள்ளித் திறப்பன்று சுற்றறிக்கை ஒன்று வந்தது. இனி எல்லாப் பாடத்துக்குள்ளும் கோடிங் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். தனிப் பீரியட் கிடையாது. கணக்குக்குள், அறிவியலுக்குள், மொழிப்பாடத்துக்குள். "மனப்பாடச் செய்யுளுக்குள்ள கோடிங்க நான் எந்தச் சீர்ல சொருகறது?" என்று தமிழ் ஐயா கேட்டார். அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர், கேட்கலாம். மற்றவர்கள் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார்கள். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய இளைஞன் ஆரஞ்சு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சொல்லித்தந்தான். நல்ல பிள்ளைதான். எல்லாவற்றுக்கும் "சிம்பிள் டீச்சர்" என்பான். சிம்பிளாக இருப்பவனுக்குச் சிம்பிள்.

எட்டாம் வகுப்புக்கு இருபது டேப் வந்தன. சிலேட்டு அளவு, முதுகில் பள்ளியின் எண். பெட்டியைத் திறக்கும்போதே ஒன்றின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மீதி பத்தொன்பது. வகுப்பில் பிள்ளைகள் முப்பத்தேழு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தால் பதினெட்டு ஜோடி, ஒரு பிள்ளை தனி. கணக்கு அச்சு வார்த்த மாதிரி சரியாக வந்ததில் டீச்சருக்கு ஒரு சந்தோஷம்.

தனியாக உட்கார்ந்தது ஊமைக்கோட்டான். அப்படித்தான் பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் மகள். பேசுவாள், ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் செலவு செய்ய மாட்டாள். அவளோடு ஜோடி சேர ஆள் கிடைக்கவில்லை.

இதில் விளையாட்டில்லாத ஒரு சமாச்சாரம் இருந்தது. எட்டாம் வகுப்பு முடிந்து பெரிய பள்ளிக்குப் போகும்போது, அங்கே புதிதாகத் திறக்கிற கணினிப் பிரிவில் சேர வேண்டும் என்றால், டேப்பில் உள்ள அறுபது பாடத்தையும் அந்தப் பிள்ளை முடித்திருக்க வேண்டும். முடிக்காத பிள்ளைக்குப் பொதுப் பிரிவு. தையல், வயரிங், கணக்கெழுதுதல், எது காலியோ அது. அந்தத் தெருக்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்குக் கணினிப் பிரிவு என்பது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவர்கள் வீட்டில் யாருமே உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. முப்பத்தேழு அம்மாக்களும் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். காய்கறி வாங்குமிடத்தில் டீச்சரை நிறுத்தி, "அறுபதும் முடிஞ்சிருமா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

"முடிக்க வச்சிடறேன்" என்பார் டீச்சர். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

இப்போது அந்த முப்பத்தைந்து நிமிஷக் கதை. வைஃபை பெட்டி ஹெச்.எம். அறையில் இருந்தது. அலை அந்தச் சுவரைத் தாண்டி வராண்டா வரைக்கும்தான் வரும், வகுப்புக்கு வராது. ஆகவே பிள்ளைகள் டேப்பைத் தூக்கிக்கொண்டு, ஹெச்.எம். அறைச் சுவரில் முதுகு ஒட்ட வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தங்கள் பேரையும் பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும். பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு நட்சத்திரமோ கேள்விக்குறியோ வேண்டுமாம். பதிமூன்று வயதுப் பிள்ளை கேள்விக்குறியைத் தேடிப் பிடிப்பதற்குள் திரை அணைந்துவிடும். மூன்று தடவை தப்பாக அடித்தால் கால் மணி நேரம் பூட்டு. எல்லாம் திறந்து, திரும்பி வகுப்புக்கு நடந்து வந்து உட்கார்ந்தால் மணி அடிக்கும். பாதியில் நின்ற பாடத்தை அந்தச் சாதனம் கணக்கில் எடுக்காது. மூன்று மாதம் இப்படியே போனது. முடிந்த பாடம் பூஜ்யம்.

"ஒரு பாடம், ஒரே ஒரு பாடம் முடிஞ்சிருந்தாலும் மனசு ஆறும்" என்று டீச்சர் வீட்டில் சொல்வார்.

"நீ ஆறினாலும் காப்பி ஆறிடக் கூடாது, குடி" என்பார் லிஃப்ட்டுக்காரர்.

நான்காம் மாதம் ஆரஞ்சு டி-ஷர்ட் திரும்ப வந்தான். டேப் எல்லாவற்றிலும் புதிதாக எதையோ ஏற்றினான். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வருகைப் பதிவேட்டில் முதல் வரியில் இருந்த பெண்ணின் பேரைப் போட்டுப் பத்தொன்பதையும் திறந்தான். பார்த்தான், ஓடியது. அப்படியே வராண்டா அலமாரியில் அடுக்கிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் டீச்சர் அலமாரியைத் திறந்தார். ஒரு டேப்பைத் தொட்டார், வெளிச்சம் வந்தது, பாடம் நின்றது. அடுத்ததைத் தொட்டார், அதிலும். பத்தொன்பதிலும் பாடம் தயாராக நின்றது. மூலையில் எறும்பு எழுத்தில் முதல் நம்பர்க்காரியின் பேர். வெளியேறாத வரைக்கும் அது அப்படியே இருக்கும் என்று தெரிந்தது. சுவரில் நிற்க வேண்டாம், கேள்விக்குறி தேட வேண்டாம்.

சும்மா விடவில்லை, கேட்கத்தான் செய்தார். டி-ஷர்ட்டுக்கே போன் போட்டார்.

"தம்பி, டேப்பெல்லாம் திறந்தபடியே இருக்கு. இப்படியே பாடம் நடத்தலாமா?"

"நடத்துங்க டீச்சர். சாயங்காலம் அலமாரில வச்சதும் லெசன்லாம் சர்வருக்குப் போகுதில்ல?"

"போகுதுன்னு பச்சை விளக்கு வருது."

"அப்ப சிம்பிள் டீச்சர்."

யார் பேரில் போகிறது என்று இவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பாடம் வகுப்புக்கு நடத்துவது, பேருக்கா நடத்துவது என்று நினைத்துவிட்டார். இருபத்தொன்பது வருஷமாகக் கரும்பலகையில் நடத்தியவர். கரும்பலகை யார் பேரிலும் இல்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் உள்ளே வந்தார். லிஃப்ட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு அர்ச்சனை இல்லையா? மணி எத்தனைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இன்னைக்குப் பாடம் நடத்தினேங்க" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு வந்த ஏழு மாதத்தை அவர் வாழ்நாளில் மறக்க மாட்டார். மறக்க முடியாமல் போனதுதான் இப்போது நோய். திரையில் ஒரு வண்டு இருக்கும். 'எட்டுக் கட்டம் போ, வலப்பக்கம் திரும்பு' என்று கட்டளை அடுக்கினால் போகும், போன வழியில் கோடு விழும். டீச்சர் அதைத் திரையோடு விடவில்லை. வகுப்புத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார். ஒரு பிள்ளை வண்டு, ஒரு பிள்ளை கட்டளை. வண்டு தன் புத்தியால் ஒரு அடி கூட எடுக்கக் கூடாது. "நேரா போ" என்று சொல்லிவிட்டு எத்தனை அடி என்று சொல்ல மறந்தால், வண்டு சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், வகுப்பே சிரிக்கும். பாதி, கால், முக்கால் எல்லாம் வண்டின் நடையில் வந்துவிட்டது. முதலில் நோட்டில் கட்டளையை எழுத வேண்டும், பிறகு தரையில் நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டேப். முப்பத்தேழு நோட்டும் நிரம்பின.

முக்கோணம் வந்த அன்று எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். மூலை அறுபது பாகை, ஆகவே அறுபது பாகை திரும்பு என்று எழுதினார்கள். வண்டு முக்கோணம் போடாமல் எங்கோ வெளியூருக்குக் கிளம்பிப் போனது. டீச்சர் நடந்து பார்த்தார். நடைவழியில் கால்கள் வரிசையாக வெளியே வந்திருந்தன. ஒரு கால்தான் உள்ளே இருந்தது. அது ஊமைக்கோட்டானுடையது. இந்த ஒரு தடவை டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொல்லேன்."

அவள் எழுந்து தரைக் கட்டத்தில் போய் நின்றாள். நடந்தாள், நின்றாள், உடம்பைத் திருப்பினாள். "நூத்தி இருவது" என்றாள்.

"எப்படி?"

"வண்டு மூலைக்கு உள்ள திரும்பல டீச்சர். வெளில திரும்புது."

பாடப் புத்தகத்தில் இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற விஷயம். அவள் அதோடு வாயை மூடிக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பேர் விவகாரம் பிள்ளைகளுக்கும் தெரியும். முதல் நம்பர்க்காரி வாயாடி, நல்ல மனசுக்காரி. "எல்லாரும் என் பேர்லதான் குடியிருக்கீங்க, ஒழுங்கா வாடகையை எடுத்து வைங்க" என்பாள். "வீட்டுக்காரம்மா, உங்க வீட்டுல வண்டு ஓடல" என்று பின் பெஞ்சில் இருந்து ஒருத்தன் குரல் கொடுப்பான். டீச்சரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் இப்போது தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறார்.

கடைசிப் பாடத்தைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்தார்கள். அறுபதும் முடிந்தது. பதினைந்தாம் தேதி அந்தப் பக்கம் கதவைச் சாத்தினார்கள்; இனி யாரும் எதையும் ஏற்ற முடியாது.

இருபது நாள் கழித்துக் காலைக் கூட்டத்தில் ஹெச்.எம். ஒரு காகிதத்தோடு மைக் முன் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து, இந்த வருஷம் அதிகப் பாடம் முடித்த மாணவி நம் பள்ளியில்தான் இருக்கிறாள் என்றார். முதல் நம்பர்க்காரியின் பேரைச் சொன்னார். "ஆயிரத்து நூற்று நாற்பது பாடங்கள்."

கைதட்டல். டீச்சரும் பழக்கத்தில் கையைத் தட்ட எடுத்தார். ஆனால் கணக்கு டீச்சர் ஒரு எண்ணைக் கேட்டால் வகுக்காமல் இருக்க முடியுமா? ஆயிரத்து நூற்று நாற்பதை அறுபதால் வகுத்தார். பத்தொன்பது வந்தது. எடுத்த கை அப்படியே நின்றது.

முதல் நம்பர்க்காரி மேடையில் கேடயத்தை வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, எல்லாரும் மேலே வாங்க என்பது போலக் கையை அசைத்தாள். வெட்கப்படுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

பட்டியலை ஹெச்.எம். மேஜையில் பார்த்தபோது உறுதியானது. முதல் வரியில் ஆயிரத்து நூற்று நாற்பது. அதற்குக் கீழே முப்பத்தாறு பேர், முப்பத்தாறு பூஜ்யம்.

டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஹெச்.எம். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்க டீச்சர். யார் யாருக்குத் தெரியும்?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும். பட்டியல்ல இப்படி வரும்னு தெரியாது."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னே வச்சுக்குங்க. நம்ம பள்ளிக்கூடத்துலேருந்து ஒரு பிள்ளை கணினிப் பிரிவுக்குப் போகுது. போன வருஷம் ஒண்ணு கூட எங்கயும் போகல. அதை ஏன் கலைக்கறீங்க?"

"மீதி முப்பத்தாறு பேரு, மேடம்?"

"அவங்க வழக்கமாப் போற இடத்துக்குப் போவாங்க. கையில இருந்ததையா பிடுங்கிட்டோம்?"

"செஞ்சிருக்காங்களே மேடம். நோட்டு இருக்கு. ஒவ்வொருத்தர் கையெழுத்துலயும் இருக்கு."

ஹெச்.எம். கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றார். அதைக் கெஞ்சலாகத்தான் சொன்னார்.

வீட்டில் லிஃப்ட்டுக்காரரும் அதையேதான் வேறு பாஷையில் சொன்னார். "நடு மாடில லிஃப்ட் நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கறவங்க கதவை இழுக்கக் கூடாது. இழுத்தா உள்ளதும் போகும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் நான்."

"உள்ளயே உக்காந்திருந்தா யார் வந்து திறப்பாங்க?"

"அது சரி. திறக்கறவன் வரணுமே."

டீச்சர் போனார். முப்பத்தேழு நோட்டையும் இரண்டு துணிப்பையில் அடுக்கி, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்தில் மூன்று மாடி ஏறினார். அங்கே லிஃப்ட் பழுது. நடந்தது நடந்தபடி ஒரு கடிதம் எழுதி, தேதியோடு கையெழுத்தும் போட்டு எடுத்துப் போயிருந்தார். கணக்கில் வழி எழுதுகிற மாதிரி படிப்படியாக எழுதியிருந்தார். தன் தப்பு எந்த வரியில் என்பதையும் ஒளிக்கவில்லை.

அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நோட்டுகளில் நாலைந்தைப் புரட்டினார். ஊமைக்கோட்டானின் நோட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்லா செஞ்சிருக்காங்கம்மா. ஆனா இதை நான் எதுல ஏத்தறது?"

"நீங்க பார்த்துட்டீங்கல்ல சார். பார்த்தேன்னு எழுதினா போதாதா?"

"நான் பார்க்கறது கணக்குல வராதும்மா. சிஸ்டத்துல இல்லைன்னா நடக்கலைன்னு அர்த்தம்."

"திருத்தறதுக்கு ஒரு வழியும் இல்லையா?"

அதிகாரி ஒரு படிவத்தைத் திரையில் திறந்து டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறந்த தேதி மாற்றம், முகவரி மாற்றம், பள்ளி மாற்றம். மூன்றே கட்டம். 'முப்பத்தாறு பிள்ளைகளின் உழைப்பு ஒரு பிள்ளையின் பேரில் போய்விட்டது' என்பதற்குக் கட்டம் இல்லை.

பிறகு கடிதத்தை எடுத்துப் பெருமூச்சு விட்டார். "நீங்க வராம இருந்திருக்கலாம்மா. இப்ப எழுத்துல கொடுத்துட்டீங்க. எனக்குத் தெரியாதுன்னு இனிமே நான் சொல்ல முடியாது."

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எட்டு நாளில் தெரிந்தது. உத்தரவு வந்தது. அந்த வகுப்பின் பதிவுகள் உண்மையானவை அல்ல, ஆகவே மொத்தமும் ரத்து. முதல் நம்பர்க்காரியின் ஆயிரத்து நூற்று நாற்பதும் ரத்து, இடமும் ரத்து, கேடயத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கணினிப் பிரிவுக்கு இந்தப் பள்ளியிலிருந்து யாரும் இல்லை. டேப்புகள் வேறு பள்ளிக்குப் போகும். டீச்சர் விசாரணை முடியும் வரை வகுப்பெடுக்கக் கூடாது.

முப்பத்தாறைக் காப்பாற்றப் போய் முப்பத்தேழும் போனது.

கடைசியாக ஒரு பீரியட் கொடுத்தார்கள், பதிவேட்டை ஒப்படைப்பதற்காக. டீச்சர் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. நடந்ததையும், இனி என்ன ஆகும் என்பதையும் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் பழக்கத்தில் வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒரு கால் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தேழு காலும் நடைவழியில் இருந்தன. ஊமைக்கோட்டானின் காலும். திரும்பவும் முதலிலிருந்து சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. மணி அடித்தது.

வாசல் கேட்டில் முதல் நம்பர்க்காரியின் அம்மா காத்திருந்தாள். வீடு வீடாகப் பாத்திரம் கழுவுகிறவள், கை ஈரம் காயாமல் வந்திருந்தாள்.

"உங்களை யாரு நல்லவளா இருக்கச் சொன்னது டீச்சர்?" என்றாள். சத்தம் போடவில்லை. "எம்பொண்ணு ஒருத்தி கரையேறினா மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு? முப்பத்தாறு பேரும் முங்கறப்ப இவளையும் சேர்த்து அமுக்கினாத்தான் உங்களுக்கு மனசு நிறையுமா?"

மற்ற முப்பத்தாறு வீட்டிலும் வேறு மாதிரிப் பேசினார்கள். சோம்பலுக்கு லாகினை விட்டுவிட்டாள் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு உச்சியில் இடம் வாங்கிக் கொடுக்கத்தான் திட்டம் போட்டாள், மாட்டிக்கொண்டதும் நல்லவள் வேஷம் போடுகிறாள் என்றார்கள். கல்லை எறிய வேண்டும் என்றால் எந்தப் பக்கம் நின்றும் எறியலாம்.

விசாரணை ஒற்றை வரியில் முடிந்தது. 'கவனக்குறைவு.' மறுபடி வகுப்புக்கு வரலாம் என்றார்கள். அதற்குள் அவர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசியாக அவரிடம் இருந்தது காலி அலமாரியின் சாவி. அதை வாங்கிக்கொள்ளக் கூட யாரும் கேட்கவில்லை, இன்னும் அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

புதுப் பள்ளி வருஷம் பிறந்து ஒரு மாதம் ஆனபோது, மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஊமைக்கோட்டானைப் பார்த்தார். ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவள் பார்த்துவிட்டாள்.

"எதுல போட்டிருக்காங்க?"

"தையல், டீச்சர்."

மேற்கொண்டும் அவளே பேசினாள். அவள் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒன்றாக வந்து டீச்சர் கேட்டதில்லை.

"அங்கயும் மெஷின் இருக்கு. கால்ல மிதிக்கிறது. மூலை வந்தா நிறுத்தி, ஊசியத் துணிக்குள்ள இறக்கிட்டு, அப்புறம் துணியத் திருப்பணும். அதுவும் வெளிலதான் டீச்சர் திரும்புது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று டீச்சருக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடியே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். அன்று சாப்பிட வேண்டிய மாத்திரையையும் சாப்பிடவில்லை.

இப்போது அவர் புகார் சொல்வதே இல்லை. நாலரை மணி வந்து போகிறது. லிஃப்ட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நாப்பது நிமிஷப் பீரியடுல..." என்று தானே ஆரம்பித்துப் பார்த்தார். டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் லிஃப்ட்டுக்காரர் கடிகாரத்துக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டார்.

முப்பத்தேழு நோட்டும் கட்டிலுக்கு அடியில் அதே இரண்டு துணிப்பையில் இருக்கின்றன. கூட்டும்போது பையை நகர்த்திக் கூட்டுகிறார், திரும்ப அதே இடத்தில் வைக்கிறார். திறப்பதில்லை. கேட்டால், "பிள்ளைங்க வந்து வாங்கிக்கட்டும்" என்கிறார். ஒரு வருஷம் ஆகப்போகிறது. முப்பத்தேழு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் கூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

தப்பு நடந்தது, யார் இல்லை என்றது? அந்தத் தப்பில் டி-ஷர்ட்டுக்கு ஒரு பங்கு, சுவர் தாண்டாத வைஃபைக்கு ஒரு பங்கு, மூன்றே கட்டம் வைத்த படிவத்துக்கு ஒரு பங்கு. அவர்களில் ஒருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் இதைப் படிக்கிறவர்கள், அதிலும் அந்த முப்பத்தேழு வீட்டுக்காரர்கள், ஒரு நடை போய் அவரைப் பாருங்கள். பள்ளிக்குப் பின்புறத் தெரு, சலவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, இடது கை வீடு. அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள். லிஃப்ட்டுக்காரர்தான் திறப்பார், சந்தோஷப்படுவார். இனிப்பு வாங்கிப் போகாதீர்கள், டீச்சருக்குச் சர்க்கரை. "நீங்க செஞ்சது சரிதான் டீச்சர்" என்று வசனம் பேசாதீர்கள், வாசலைக் காட்டிவிடுவார். "எங்க பிள்ளை நோட்டைக் கொடுங்க" என்று மட்டும் கேளுங்கள். குனிந்து பையை இழுத்து, தேடி எடுத்துத் தருவார். அதில் உங்கள் பிள்ளை கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கமாவது பார்த்துவிட்டு வாருங்கள். திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டிவிட்டு வாருங்கள், அதையும் அவர் கேட்டுக்கொள்வார். போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.